கரணம் தப்பினால்: கயிறும் பீமும் சிறுமியர் சமநிலையும்

"கரணம் தப்பினால் மரணம்" என்னும் பழமொழி இன்று தேர்தல் செய்தி முதல் பங்குச்சந்தைக் கட்டுரை வரை எங்கும் புழங்குகிறது. அது குறிக்கும் களம் கழைக்கூத்தாடியின் கயிறு. கரணம் என்பது உடலைக் காற்றில் சுழற்றி மீண்டும் காலில் வந்து நிற்றல். குட்டிக்கரணம் என்னும் சொல்லில் அப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. கயிற்றின்மேல் அதைச் செய்பவருக்குக் கீழே இருந்தது வெறுந்தரை. ஆகவே இப்பழமொழி எச்சரிக்கையாக மட்டும் நில்லாமல், ஒரு பயிற்சிச் சூழலின் சுருக்கமான வரலாறாகவும் நிற்கிறது. தவறுவதற்கு இடமே தராத சூழலில், பெரும்பாலும் சிறு வயதிலேயே கற்பிக்கப்பட்ட திறன் அது. அத்திறனைப் பெற்றவர்களில் சிறுமியர் பலர்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி சிறுமியரின் சமநிலையை எவ்வாறு மாற்றுகிறது என்பது இன்று உடலியக்க அறிவியலின் கேள்வி. ஆனால் சமநிலை வாய்த்த சிறுமியை ஒரு சமூகம் எப்பெயரிட்டு அழைத்தது என்பது வரலாற்றின் கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முதற்கேள்வியின் விடை முழுமை பெறும்.

இரண்டாம் கேள்விக்குக் கோலார் தங்கவயல் பொருத்தமான தொடக்க இடம். கர்நாடகத்தின் தென்கிழக்கு மூலையில், ஆந்திர, தமிழ்நாட்டு எல்லைகளுக்கு அருகில் உள்ளது இந்நகரம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியில் இறங்கிய பின், வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பெருந்திரளாக வந்து குடியேறியவர்கள் தமிழ் பேசும் தொழிலாளர்கள். அவர்களிற் பெரும்பாலோர் தலித் மக்கள். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல், ராபர்ட்சன்பேட்டை என விரிந்த ஊரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கேட்டன. அம்மொழிகளில் கயிற்றின்மேல் நடப்பவருக்கு வழங்கும் பெயர்கள் ஒன்றையொன்று ஒத்தவை. கன்னடத்தில் தொம்பராட்ட, தெலுங்கில் தொம்மராட்ட, தமிழில் தொம்பக்கூத்து. மூன்றிலும் ஆட்டத்தின் பெயருக்குள் ஒரு சாதியின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. கழை, அதாவது மூங்கில், என்னும் கருவியின் பெயரால் அமைந்த கழைக்கூத்து என்னும் சொல்லில் மட்டும் அது இல்லை.

இவ்வேறுபாடு சிறியதன்று. கருவியால் பெயர்பெற்ற திறனை யாரும் கற்கலாம். சாதியால் பெயர்பெற்ற திறனோ பிறப்பால் வருவதாக நம்பப்படும். கயிற்றில் நடக்கும் பெண்ணின் வரலாறு பெருமளவு இவ்விரு பெயரிடல்களுக்கு இடையே நடந்த வரலாறே.

பழந்தமிழ்ச் சான்றுகள் இதில் எச்சரிக்கையோடு படிக்கத்தக்கவை. குறுந்தொகையின் 7ஆம் பாடலில் பெரும்பதுமனார், காற்றில் அசையும் வாகை நெற்றின் ஒலிக்குக் கயிற்றில் ஆடுவோரின் பறையொலியை உவமையாக்குகிறார். ஆடுவோரை ஆரியர் என்கிறார். "ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு" என்னும் பழமொழியிலுள்ள ஆரியக்கூத்தும் கழைக்கூத்தையே குறிக்கும் என்பர். வெளியிலிருந்து வந்தோரின் வித்தையாக அது பார்க்கப்பட்டதன் தடயம் இது. நற்றிணையின் 95ஆம் பாடலோ நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கோட்டம்பலவனார் அங்கே காட்டும் கயிறு ஓர் ஆடுமகள் நடந்த கயிறு. அவள் ஆடி முடித்த பின் ஒரு குரங்குக்குட்டி அதில் ஏறித் தொங்குகிறது. மலைவாழ் குறவர் சிறுவர்கள் பாறைமேல் ஏறித் தாளம் கொட்டுகிறார்கள். பெண், குரங்குக்குட்டி, சிறுவர் என மூவரும் ஒரே கயிற்றைச் சுற்றி நிற்கும் காட்சி அது. பயின்ற திறனும் இயல்பான திறனும் அதைக் கண்டு மகிழும் குழந்தைகளும் அங்கு ஒரே இடத்தில் கூடியிருக்கின்றனர். கயிற்றில் நடந்தவள் ஒரு பெண் என்பது வியப்புக்குரிய செய்தியாக அப்பாடலில் தனியே சுட்டப்படவில்லை.

காலனி ஆட்சிக் காலத்தில் இத்திறன் வேறு வகையில் பதிவாகிறது. எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் குறித்த ஏழு தொகுதிகளில் தொம்மரர் ஒரு சாதித் தலைப்பின்கீழ் இடம்பெறுகின்றனர். கயிற்றில் நடத்தலும் கரணம் போடுதலும் அச்சாதியின் இயல்புகளாக அங்கு வகைப்படுத்தப்படுகின்றன. இதே காலத்தில் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இன் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. ஓரிடத்தில் நில்லாமல் ஊர் ஊராகச் செல்லும் வாழ்க்கையையே ஐயத்துக்குரியதாக்கிய சட்டம் அது. ஊர் ஊராகச் செல்லாமல் கழைக்கூத்து இல்லை. எனவே சிறுமியின் திறன் ஒருபுறம் குலப்பண்பாகவும், அவள் குடும்பத்தின் பிழைப்பு மறுபுறம் காவல்துறையின் கவலையாகவும் ஆயின.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் இதே உடற்திறன் பள்ளிப் பாடமாக மாறிக்கொண்டிருந்தது. 1793இல் ஜெர்மானியக் கல்வியாளர் குட்ஸ்மூத்ஸ், இளையோருக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றிய நூலை எழுதினார். 1811இல் யான் என்பார் பெர்லினை அடுத்த திறந்தவெளியில் கருவிகளோடு கூடிய பயிற்சிக்களத்தை அமைத்தார். 1813இல் பெர் ஹென்ரிக் லிங் ஸ்டாக்ஹோமில் அரசு ஜிம்னாஸ்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். லிங் வழிவந்த சுவீடிய முறையில் சமநிலைப் பயிற்சிகளுக்குத் தனி இடம் உண்டு. அம்முறையில் பயின்ற மார்ட்டினா பெர்க்மன் 1881இல் லண்டன் பள்ளி வாரியத்தில் சிறுமியரின் உடற்பயிற்சிக்குக் கண்காணிப்பாளராக அமர்ந்தார். பெண் குழந்தைகளின் நிற்றலும் நடத்தலும் ஆசிரியர் பயிற்சி, பாடத்திட்டம் ஆகியவற்றோடு கூடிய கல்விப் பொருளாயின. இந்தியப் பள்ளிகளின் ட்ரில் வகுப்பும் ட்ரில் மாஸ்டரும் இம்மரபுகளின் தொலைதூர வழித்தோன்றல்களே. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்கல்வி ஆசிரியர் என்னும் தொழிலுக்கு இங்கு வடிவம் தந்தது.

இரண்டு மரபுகளும் சந்தித்த இடமும் ஒன்று உண்டு. மலபாரின் தலச்சேரியில் பாசல் மிஷன் பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்பித்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் களரிப் பயிற்சியும் உடையவர். இந்தியாவின் முதல் நவீன சர்க்கஸை 1880இல் தொடங்கிய விஷ்ணுபந்த் சத்ரேயின் தொடர்பால் ஊக்கம் பெற்று, 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப்பள்ளியைத் திறந்தார். வகுப்பறை ஜிம்னாஸ்டிக்ஸும் களரியும் கூடாரத்துக்குள் சேர்ந்தன. குறிப்பிட்ட குலத்தில் பிறவாதோரும் கயிற்றில் நடக்கக் கற்க முடியும் என்பதற்கு அப்பள்ளியே கண்கண்ட சான்று. பிற்காலத்தில் இந்திய சர்க்கஸின் கயிற்றிலும் ஊஞ்சலிலும் பெண்களே முதன்மை பெற்றனர்.

தங்கவயலுக்கு இவ்வரலாற்றில் ஒரு சொல் வழியாகவும் இடமுண்டு. ஆங்கிலேயர் குடியிருப்புகள் பலவற்றிற்போல இங்கும் ஒரு மைதானம் ஜிம்கானா என்று அழைக்கப்பட்டது. அச்சொல், பந்து விளையாடும் இடத்தைக் குறித்த கேந்த்-கானா என்னும் இந்துஸ்தானிச் சொல், ஜிம்னாஸ்டிக்ஸ் என்பதன் ஒலிச்சாயலில் திரிந்து உருவானது என்று 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி விளக்குகிறது. பெயரில் ஜிம்னாஸ்டிக்ஸின் சாயல் இருந்தாலும் அங்கு நிகழ்ந்தவை கிரிக்கெட், ஹாக்கி, கால்பந்து போன்ற ஆட்டங்கள். சுரங்க நகரங்களின் விளையாட்டு வாழ்க்கை பொதுவாக ஆண்களின் வாழ்க்கையாகவே இருந்தது. தொழிலாளர் லைன்களில் வளர்ந்த சிறுமியருக்கு மைதானம் பார்க்கும் இடம். ஆடும் இடம் வீட்டு வாசல்.

இனி முதற்கேள்வி. ஒரு சிறுமி ஒற்றைக்காலில் நிற்கும்போது அவள் உடலில் மூன்று புலன்கள் ஒன்றாக வேலை செய்கின்றன. கண் சுற்றுப்புறத்தை அளவுகோலாகக் கொள்கிறது. உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களிலுள்ள நீர்மம் தலையின் சுழற்சியை அறிவிக்கிறது. இக்கால்வாய்களின் பணியை 1824இல் புறாக்களைக் கொண்டு ஆராயத் தொடங்கியவர் பிரெஞ்சு உடலியலாளர் ஃப்ளூரான்ஸ். இத்துறை ஆய்வுக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் ராபர்ட் பாரனி. மூன்றாவது, உள்ளங்காலின் தோலும் தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு. இம்மூன்றும் சில வேளைகளில் ஒன்றுக்கொன்று முரணான செய்தியைத் தரும். அப்போது எதை நம்புவது என்று மூளை முடிவு செய்யக் கற்பதே சமநிலையின் வளர்ச்சி.

சிறு குழந்தை கண்ணை அதிகம் நம்புகிறது. 1974இல் டேவிட் லீ, எரிக் அரோன்சன் இருவரும் தரை அசையாமல் சுவர்கள் மட்டும் அசையும் ஓர் அறையை அமைத்தனர். புதிதாக நிற்கக் கற்ற குழந்தைகள் அவ்வறையில் தள்ளாடினர். சிலர் விழவும் செய்தனர். தரையை விடச் சுவரே அவர்களுக்குப் பெரிய சாட்சி. 1985இல் ஆன் ஷம்வே-குக், மார்ஜோரி வுல்லகாட் ஆகியோரின் ஆய்வு, நான்கு முதல் ஆறு வயது வரை ஓர் இடைமாற்றக் காலம் இருப்பதையும், ஏழு வயதை ஒட்டிப் பெரியோரை ஒத்த நிற்கும் முறை தோன்றுவதையும் காட்டியது. அந்த இடைமாற்றக் காலத்தில் பயிற்சி குறுக்கிட்டால் என்ன நிகழும்?

2011இல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வொன்று இதை நேரடியாகக் கேட்டது. ஐந்து முதல் ஏழு வயதினர், ஒன்பது முதல் பதினொரு வயதினர் என இரு வயதுப் பிரிவினரில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றோரும் பயிலாதோரும் அசைவை அளக்கும் பலகைமீது கண்ணைத் திறந்தும் மூடியும் அமைதியாக நின்றனர். இளைய பிரிவில் பயின்றோரின் தள்ளாட்டம் குறைவாக இருந்தது. மூத்த பிரிவில் அவ்வேறுபாடு தென்படவில்லை. இதிலிருந்து அவசரமாக முடிவுகளை இழுத்துவிடக் கூடாது. அமைதியாக இரு காலில் நிற்றல் எளிய சோதனை. மேலும், இயல்பிலேயே நன்கு நிற்கும் குழந்தைகளே ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்க்கப்பட்டிருக்கவும் கூடும். ஆயினும் முடிவு சிந்தனைக்குரியது. சாதாரண நிற்றலைப் பொறுத்தவரை பயிற்சி தருவது முந்தி வரும் முதிர்ச்சி. ஏனைய குழந்தைகள் ஓடியும் தாவியும் சில ஆண்டுகள் பிந்தி அவ்விடத்தை அடைகிறார்கள்.

கடினமான நிலைகளில் கதை மாறுகிறது. தேர்ந்த ஜிம்னாஸ்டுகளையும் பிற விளையாட்டு வீரர்களையும் ஒப்பிட்டு 2001இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், இரு காலில் நின்றபோது பெரிய வேறுபாடு இல்லை. ஒற்றைக்காலில் கண்ணை மூடி நின்றபோது ஜிம்னாஸ்டுகள் குறைவாகவே தடுமாறினர். கண்ணின் சாட்சி இல்லாதபோது காலின் சாட்சியை நம்ப அவர்கள் பழகியிருந்தனர். 2004இன் மற்றோர் ஆய்வு, கைகளில் தலைகீழாக நிற்கும் வல்லமை, காலில் நிற்கும் வல்லமையாக அப்படியே இடம்பெயர்வதில்லை என்று காட்டியது. சமநிலை என்பது ஒருமுறை பெற்றால் எங்கும் செல்லும் நாணயமாகத் தோன்றவில்லை. எதைப் பழகினோமோ அதில்தான் அது வலுக்கிறது.

இம்முடிவுகளைக் கழைக்கூத்துக் குடும்பத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு பழைய நம்பிக்கை உடைகிறது. அக்குடும்பத்துச் சிறுமி நான்கைந்து வயதில் கயிற்றில் ஏற்றப்படுகிறாள். புலன்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகக் கற்கும் அதே பருவம் அது. பிறர் அதைக் கண்டு இரத்தத்தில் வந்த வித்தை என்றனர். தர்ஸ்டனின் தொகுதிகள் அதைச் சாதிப் பண்பாகப் பதிவு செய்தன. இரத்தம் என்று படிக்கப்பட்டது உண்மையில் வயதும் திரும்பச் செய்தலும் அருகிலிருந்து கற்பித்த தாய் தந்தையரும்தான். பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கத்தை அச்சில் எதிர்த்த ஊர்களில் தங்கவயலும் ஒன்று என்பதை இங்கு நினைத்தல் தகும். அயோத்திதாசரைப் பின்பற்றிய பௌத்தர்கள் மாரிகுப்பத்தில் கிளைச் சங்கம் நடத்தினர். சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா அச்சகத்திலிருந்து அவர் எழுத்துகள் நூல்களாயின. தமிழன் இதழ் 1926 முதல் ஜி. அப்பாதுரையார் பொறுப்பில் இவ்வூரிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சாதிப்பெயர் பிறகு ஏற்றப்பட்ட பெயர் என்பது அம்மரபின் அடிப்படை வாதங்களுள் ஒன்று. தொம்பராட்டம் என்னும் சொல்லுக்கும் அவ்வாதம் பொருந்தும்.

அப்படியெனில் கயிற்றுச் சிறுமிக்கும் பீம் மேல் நிற்கும் சிறுமிக்கும் வேறுபாடு எதில்? பேலன்ஸ் பீம் என்பது 5 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடைய கட்டை. தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸில் முதன்முறையாகப் பெண்களுக்குத் தனிநபர்ப் பதக்கங்கள் வழங்கப்பட்டபோது பீமுக்கும் ஒரு பதக்கம் இருந்தது. 1972இல் ஓல்கா கோர்பட் அதன்மேல் பின்னோக்கிக் கரணம் அடித்தார். 1976இல் 14 வயது நாடியா கோமனேச்சி மாண்ட்ரியலில் முழுமையான 10 புள்ளிகளை ஏழு முறை பெற்றார். கயிற்றுக்கும் பீமுக்கும் இடையேயான மிகப் பெரிய வேறுபாடு அகலத்தில் இல்லை. கீழே விரித்த மெத்தையில் இருக்கிறது. அச்சிறுமி பழகும் தொடக்கப் பீம் தரையோடு தரையாகக் கிடக்கும். அவள் விழுவாள்; எழுவாள்; மீண்டும் ஏறுவாள். மூளை சமநிலையைக் கற்பது சரியாக நின்ற கணங்களிலிருந்து மட்டுமன்று. நிலை சரியத் தொடங்கி மீட்கப்படும் சிறுசிறு பிழைகளே அதன் பாடநூல்.

தமிழில் பிழைத்தல் என்னும் வினைக்குத் தவறுதல் என்றும் உயிர்வாழ்தல் என்றும் இரு பொருள் உண்டு. தப்புதல் என்னும் வினையும் அவ்வாறே: தவறிப்போதலும் அதுவே, உயிர் தப்பித்தலும் அதுவே. பயிற்சி மெத்தையின் பணி அவ்விரு பொருளையும் ஒருங்கே மெய்யாக்குவது. கரணம் தப்பலாம், சிறுமியும் தப்பிவிடுவாள்.

ஆனால் மெத்தை இருந்தால் மட்டும் போதாது என்பதை ஜிம்னாஸ்டிக்ஸின் சொந்த வரலாறே காட்டுகிறது. நாடியாவுக்குப் பின் வெற்றி மேடையில் வயது குறைந்துகொண்டே போயிற்று. சர்வதேசக் கூட்டமைப்பு மூத்தோர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 1981இல் 15 ஆகவும் 1997இல் 16 ஆகவும் உயர்த்தியது. இந்தியாவில் 2011 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், பச்பன் பச்சாவ் ஆந்தோலன் தொடுத்த வழக்கில், சர்க்கஸில் குழந்தைகளைப் பணியமர்த்துவதைத் தடுக்க உத்தரவிட்டது. ஒன்று பதக்கத்தின் உலகம், மற்றொன்று கூடாரத்தின் உலகம். இரண்டும் தத்தம் வழியில் ஒரே உண்மையை ஒப்புக்கொண்டன: குழந்தை எளிதில் கற்கும் பருவமே எளிதில் சுரண்டப்படும் பருவமும் ஆகும். சர்க்கஸ் தடை தேவையானது. அதே வேளையில், கயிற்றில் நடக்கக் கற்பித்த மூத்த கலைஞர்களின் கற்பித்தல் அறிவுக்குப் பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ இடம் ஒதுக்கப்படவில்லை. தொழில் நின்றது, அதனுள் இருந்த கல்வியும் அதனோடு நின்றுபோகிறது.

அக்கல்விக்கு இன்று தேவை இருக்கிறது. அகர்தலாவின் தீபா கர்மாகர் தட்டைப் பாதத்தோடு பிறந்தவர். பாத வளைவு இல்லாத காலோடு ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்த அச்சிறுமியைப் பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். பழைய ஸ்கூட்டர் உதிரிப் பாகங்களைக் கொண்டு கருவிகள் அமைத்துப் பழகிய காலம் அது. 2016இல் ரியோ ஒலிம்பிக்ஸின் வால்ட் இறுதியில் அவர் நான்காம் இடம் பெற்றார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.150 புள்ளி. தகுதியான கால் என்று ஒன்று பிறப்பிலேயே அமைந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்திய விளையாட்டில் அரிது.

பதக்கத்தை எட்டாத பெருவாரியான சிறுமியருக்கு இது எவ்வகையில் பொருந்தும்? தமிழ் ஊர்களில் சிறுமியர் ஆடும் பாண்டி ஆட்டம் ஒற்றைக்காலில் கோடு தொடாமல் தாவும் ஆட்டம். சில்லை எடுக்கும்போது குனிந்து நிமிர்ந்து நிலை காக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தின் ஒற்றைக்கால் சோதனையை ஒரு சுண்ணாம்புக் கட்டியின் செலவில் நடத்தும் ஆட்டம் அது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் பூப்பெய்தியதும் அது நின்றுவிடும். உடல் வேகமாக வளர்ந்து, கால் கைகளின் நீளத்துக்கேற்ப மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டிய பருவம் அதுவே. அப்பருவத்தில் விளையாடும் பெண்களுக்கு முழங்கால் தசைநார்க் காயம் ஆண்களை விட அதிகம் நேர்கிறது என்பதும், சமநிலையும் தாவி இறங்கும் முறையும் சேர்ந்த பயிற்சிகள் அதைக் குறைக்கின்றன என்பதும் விளையாட்டு மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்டவை. பயிற்சி மிகவும் தேவைப்படும் வேளையில்தான் சிறுமி வாசலிலிருந்து உள்ளே அழைக்கப்படுகிறாள்.

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்த குழிகளும் சயனைடு மண்மேடுகளும் எஞ்சின. லைன் வீடுகளும் அவற்றின் வாசல்களும் எஞ்சின. பாறை வெடிப்பின் அதிர்வில் தரையே அவ்வப்போது குலுங்கிய ஊர் இது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பூமியின் அடியாழத்துக்கு மனிதரை இறக்கி ஏற்றும் பொறியியலுக்கு இங்கே செலவிடப்பட்டதை நினைத்தால், ஒரு சிறுமி அஞ்சாமல் விழுவதற்குத் தேவையானவை மிகச் சில: ஒரு தடித்த பாய், தரையில் கிடத்திய ஒரு கட்டை, விழும் முறையைக் கற்பித்த ஓர் ஆசிரியர், பன்னிரண்டு வயதுக்குப் பின்னும் தொடர்ந்து வர வீட்டில் கிடைக்கும் இசைவு. அறிவியல் சொல்வதும் வரலாறு சொல்வதும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. சமநிலை எக்குலத்துக்கும் உரிய சொத்தாக இருந்ததில்லை. விழுந்து எழும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்ததோ அவரிடம் அது வளர்ந்தது.